இரண்டு ஊசி, ஒரு நூல்

ஆயுத பூசையன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். ரோலருக்கு, சல்லடைக்கு, கொழுந்து நிறுக்கும் தராசுக்கு, லொறிக்கு, கவ்வாத்துக் கத்திக்கு, கணக்குப்பிள்ளையின் பேனாவுக்குக்கூட. எனக்கு அப்போது ஒன்பது வயது. பொரிகடலைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெசினாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கூரைக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புச் சாப்ட்டிலிருந்து ரோலருக்கு ஒரு பெல்ட் இறங்கும். அதன் முன்னால் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். "அது தோலு" என்று சொல்லிவிட்டு அடுத்த மெசினுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெல்ட்டைத் தைத்தவர் என் அப்பா. அவரும் என் பக்கத்தில், வாசலுக்கு வெளியேதான் நின்றார்.

பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு எஞ்சினைப் போடுவதற்கு முன்னால் டீமேக்கர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா உள்ளே போய், பெல்ட்டின் இணைப்பில் ஓடும் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பெருவிரலால் தடவிக்கொண்டே போனார். எந்த நாளும் செய்கிற சோதனைதான் அது. தையல் எங்காவது தளர்ந்திருந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அன்று அதைப் பார்த்தபோது அவரும் பொட்டு வைப்பதாகவே எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

எனக்கு இப்போது 61 வயது. அட்டன் கடைவீதியிலிருந்து படியில் கீழே இறங்கினால் ஆறடிக்கு எட்டடியில் என் கடை. சப்பாத்து, புத்தகப்பை, இடுப்புப் பட்டி, குதிரைச் சேணத்தின் வார், யாராவது கொண்டுவந்தால் மேளத்தின் வார், எல்லாம் தைப்பேன். சில மாதங்களுக்கு முன்னால் இளம் ஆசிரியர் ஒருவர் பை ஒன்றைத் தைக்கக் கொடுத்துவிட்டு, "மெசின் வேணாம் அண்ணே, கையாலயே தைங்க. கையால செய்றதுலதான் தெய்வம் இருக்கு" என்றார். நல்ல பிள்ளை, மனதாரச் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கைத்தையல் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். தோலை மரக்கிட்டியில் இறுக்கி, கிட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ள வேண்டும். நூல் ஒன்றுதான். தேன்மெழுகு பூசிய அந்த நூலின் இரு முனையிலும் ஊசி இருக்கும். குத்தூசியால் துளை போட்டதும் வலது கை ஊசி இந்தப் பக்கமிருந்தும் இடது கை ஊசி அந்தப் பக்கமிருந்தும் அதே துளைக்குள் போகும். ஊசிகள் பக்கம் மாறும். இரண்டு கையையும் விரித்து இழுத்தால் நூல் தோலுக்குள் அமுங்கும். பிறகு அடுத்த துளை. அங்குலத்துக்கு ஆறு தையல் என்று வைத்தாலும் ஓரடி வாருக்கு 72 துளை வரும். சுறுசுறுப்பான கைக்கே அரை மணி நேரத்துக்குக் குறையாது.

மெசின் வேறு விதமாகத் தைக்கும். அதற்கு நூல் இரண்டு. மேல் நூல் மேலே ஓடும், பாபின் நூல் கீழே ஓடும். தோலின் நடுவே இரண்டும் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு தத்தம் பக்கத்துக்கே திரும்பிவிடும். மேலே உள்ளது ஒருநாளும் கீழே வராது, கீழே உள்ளது மேலே போகாது. பார்க்க அழகாக, கோடு பிடித்தாற்போல் இருக்கும். ஆனால் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தால், பாரம் ஏற ஏறப் பக்கத்துத் தையலும் கழலும், அதற்கடுத்ததும் கழலும். கைத்தையலில் ஓரிடம் அறுந்தால் அதே துளைகள் வழியாக எதிர்ப்பக்கமாக ஓடும் மற்ற முனை பிடித்துக்கொண்டிருக்கும். அப்பா இதைச் சொல்லும்போது நூல் என்று சொல்லமாட்டார், ஆளைச் சொல்வதுபோல் சொல்வார்: "ஒருத்தன் அத்துப்போனாலும் பக்கத்துல உள்ளவன் புடிச்சிக்குவான்."

அப்பா செக்ரோல் பதிவேட்டில் வாசக்கூட்டி. லயங்களின் வாசலும் கானும் கூட்டுவதுதான் அவருடைய பேருக்கு எழுதப்பட்ட வேலை. பெல்ட் அறுந்தால் மட்டும் இராத்திரி பன்னிரண்டு மணியானாலும் ஆள் வரும். வாட்டி எடுத்த கொழுந்து காத்திருக்காது. விடிவதற்குள் ரோலர் சுற்றாவிட்டால் அந்த நாளின் கொழுந்து முழுதும் கெடும். அப்பா ஓட்டமாகப் போய், பெல்ட்டின் இரு முனையையும் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, லாந்தர் வெளிச்சத்தில் தைப்பார். அந்தக் கையின் தையலில்தான் அத்தனை பெரிய மெசின் ஓடியது. அதனால் கையா மெசினா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிற பேச்சு எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிபடவில்லை. பெல்ட் விட்டுப்போனால் பக்கத்தில் நிற்கிறவனின் முகத்தில் சாட்டைபோல் அடிக்கும். அப்பா பயந்தது அதற்குத்தான். கொழுந்து கெடுவதற்கு அல்ல.

தோலைத் தொடுகிற சாதி நாங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் வேலைப் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட விடியற்காலையில் அடிப்பதும் தப்பு மேளந்தான், மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பதும் தப்புத்தான், செத்த வீட்டுக்கு அடிப்பதும் அதுதான். தப்பில் தையல் கிடையாது, புளியங்கொட்டைப் பசைதான் தோலைச் சட்டத்தில் பிடிக்கும். சாமி ஆடுகிறவருக்கு அந்தச் சத்தம் வேண்டும். அடிக்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு கோடு இருந்தது.

நந்தனார் கதையைச் சின்ன வயதில் படம்போலத்தான் கேட்டேன். திருப்புன்கூரில் நந்தி விலகியது, தில்லையில் தீக்குள் இறங்கியது, இவ்வளவுதான் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் பெரியபுராணத்தை உரையோடு வாசித்தபோதுதான் சேக்கிழார் எழுதியிருக்கிற ஒன்று கண்ணில் பட்டது. ஆதனூரில் இருந்த நந்தனார் சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். என்னுடைய தொழில்! புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் இருந்து அதிர்ந்தது, அவர் கொடுத்த நரம்பு உள்ளே இருந்து பாடியது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டு அவர் வெளியே நின்றார். திருநாளைப்போவார் என்றே பெயரானது. கடைசியில் தீயில் இறங்கி எழுந்தபோது அவர் மார்பில் முந்நூல் இருந்தது என்கிறது புராணம். பக்தியோடு எழுதிய பெரியவர் சேக்கிழார், அவரோடு வழக்காட எனக்கு ஆசையில்லை. ஆனாலும் என் மனதில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதரின் கையில் ஏற்கெனவே வாரும் நரம்பும் இருந்தன. அவற்றைத் தீயில் இறக்கி எடுத்துத்தான் உள்ளே வாங்கினார்களா? தோலுக்கு வேண்டாத தீ, தோல் கொடுத்தவருக்கு எதற்கு?

தொழிலைத் தெய்வமாகக் கும்பிடு என்று எங்களுக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். அப்படிச் சொன்ன வாயே "அது தோலு" என்றும் சொல்லிற்று. ஆகவே யாராவது கைத்தொழில் புனிதம் என்று தொடங்கினால் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கும். தேயிலைப் பெட்டிகளிலும் 'கையால் பறித்தது' என்று எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். என் அம்மா முப்பத்தெட்டு வருடம் கையால் பறித்தவர். விரல் நுனியெல்லாம் சாயம் ஏறிக் கறுத்து, வெடித்து, கடைசிக் காலத்தில் சோற்றைப் பிசையவே சிரமப்பட்டார். மழையில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டை கடிக்க, நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, என்று வாழ்ந்தவரிடம் போய், "அம்மா, உங்கள் கை புனிதமானது" என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தைலம் வாங்கி வந்தாயா என்று கேட்டிருப்பார். கை வருந்துவதில் எந்தத் தெய்வமும் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

1989 இல் ஒரு பழைய சிங்கர் மெசினை வாங்கினேன். 29கே என்று பெயர், சப்பாத்துத் தைப்பதற்கென்றே நீட்டிய கையோடு செய்தது. ஸ்கொட்லாந்தில் கில்போவி என்ற இடத்துத் தொழிற்சாலையில் செய்ததால் அந்த 'கே'. அந்தத் தொழிற்சாலையை 1980 இலேயே மூடிவிட்டார்கள், மெசின் இன்னும் ஓடுகிறது. அப்பா அதைத் தொடமாட்டார் என்று நினைத்தேன். அவரோ சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசி இறங்குவதையும் கீழே நூல் கொளுவுவதையும் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு, "நல்ல புத்திக்காரன் செஞ்சிருக்கான்" என்றார். பாராட்டில் கஞ்சத்தனம் பார்க்காதவர்.

இந்தச் சிங்கர் மெசினைப் பற்றிக் காந்தியும் பேசியிருக்கிறார். அவர் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்து தோட்டத்து சனங்கள் முன்னால் பேசினார். அதற்கு மூன்று வருடம் முன்னால் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் அவரைச் சந்தித்து, நீங்கள் எல்லா மெசினுக்கும் எதிரியா என்று கேட்டார். 1924 இல் 'யங் இந்தியா'வில் வந்த பேச்சு அது. காந்தி அதில் சிங்கர் தையல் மெசினை ஒரு விலக்காக எடுத்துச் சொல்கிறார். மனைவி தைத்துத் தைத்துக் களைப்பதைக் கண்ட சிங்கர் அவள் மேல் உள்ள அன்பினால் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன கதை. சிங்கரின் வாழ்க்கை வரலாறு அப்படி இல்லை. அவருக்கு 1851 இல் காப்புரிமை கிடைப்பதற்கு முன்பே, 1846 இல் எலியாஸ் ஹோவ் இரண்டு நூல் கொளுவும் தையலுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் காந்தி கேட்ட கேள்வி சரியானது. மெசினா கையா என்று அவர் கேட்கவில்லை, யாருடைய களைப்புக்காக என்று கேட்டார். இத்தனைக்கும் அவர் தாமே செருப்புத் தைத்தவர். தென்னாப்பிரிக்கச் சிறையில் தைத்த ஒரு சோடியை, தம்மைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் போட்டுவிட்டு, 1939 இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் திருப்பி அனுப்பினார்.

ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் தொடங்கும் வாரத்தில் என் கடை வாசலில் புத்தகப்பைகள் குவியும். பட்டி பிய்ந்தவை, அடி கிழிந்தவை, அண்ணன் போட்டு அக்கா போட்டுத் தம்பிக்கு வந்தவை. மெசின் இல்லாமல் அவற்றை எல்லாம் தைத்து முடிக்க ஒரு மாதம் ஆகும். மெசினில் மூன்று நாள். மற்ற நாட்களில் பிள்ளை புத்தகத்தைச் சிலிசிலிப் பையில் சுற்றிக்கொண்டு போக வேண்டுமா? அந்த வாரத்தில் மெசினின் சத்தம் என் காதுக்குத் தேவாரம்போல் கேட்கும். மிகைப்படுத்தவில்லை.

ஆனால் அதே மெசினில்தான் ஒரு பிழையும் செய்தேன்.

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் வசந்த காலம். குதிரைப் பந்தயம் நடக்கிற ஊர். கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்திப் பிழைக்கிறவர்களும் உண்டு. அவர்களில் ஒரு சிங்கள நண்பர் பல வருடமாக எனக்கு வேலை தருகிறார். ஒரு வருடம் கூட்டம் தொடங்குவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது ஏழு சோடி அங்கவடி வார்களைக் கொண்டுவந்தார். கையால் தைத்தால் முடியாது. மெசினில் போட்டேன். தையல் அழகாக வந்தது. பெருவிரலால் தடவிக்கூடப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு வார் பிளந்து கொழும்பிலிருந்து வந்த ஒரு சிறுமி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

நண்பர் என்னை ஏசவில்லை. வாரைக் கடுதாசிப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், அவ்வளவுதான். உட்பக்கத்து நூல் குதிரையின் வியர்வையிலும் உரசலிலும் தேய்ந்து ஓரிடத்தில் அறுந்திருந்தது. அங்கிருந்து முழு இணைப்பும் வாய் பிளந்திருந்தது. அதே சேணத்தில் நான் முன்பு கையால் தைத்த பழைய பட்டி ஒன்றும் இருந்தது. அதில் மூன்று தையல் போயிருந்தது. மற்றவை பிடித்துக்கொண்டிருந்தன.

கோவிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள். அந்தச் சிறுமியின் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயருக்குச் செய்ய மனம் வரவில்லை. தட்டை அப்படியே கொடுத்துவிட்டு வந்து, மற்ற ஆறு சோடியையும் திருப்பி வாங்கி, தையலைப் பிரித்து, பிளந்ததையும் சேர்த்து ஏழு சோடியையும் கையால் தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. தைத்த இராத்திரிகளில் என் விரல்கள் வீங்கின. ஆனால் அந்த நோவு பரிகாரம் என்று நான் நினைக்கவில்லை. என் நோவு அந்தப் பிள்ளையின் கையை ஒட்டவைக்காது. வார் அறுகிற நாளில் யார் அதன்மேல் இருப்பார் என்று நினைத்துத் தைத்தேனா, இல்லையா? முதல் தடவை நினைக்கவில்லை. இரண்டாம் தடவை ஒவ்வொரு துளையிலும் நினைத்தேன். ஊசியைக் கையில் பிடித்திருக்கும்போது நினைக்க நேரம் கிடைக்கிறது. மெசின் அந்த நேரத்தைத் தராது. அதை மெசினுக்கு முன்னால் உட்காருவதற்கு முன்பே நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். புத்தகப்பைக்கு அந்த மெசின் போதும், மனிதப் பாரத்துக்குப் போதாது என்று நிதானித்திருக்க வேண்டியவன் நான்.

அந்த வருடம் பிக்குகள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் வஸ் காலம் முடிந்ததும் நண்பர் என்னைத் தங்கள் விகாரைக்குக் கூட்டிப்போனார். கடினச் சீவரம் தைக்கிற இரவு. துணியை வெட்டி, தைத்து, சாயம் போட்டு, எல்லாம் ஒரே நாளுக்குள் முடித்துச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் கட்டளை. மண்டபத்தில் இரண்டு தையல் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வயல் வரப்புப்போல் துண்டு துண்டாக வெட்டிய துணி அதனடியில் சீவரமாகிக்கொண்டிருந்தது. கையால்தானே தைக்க வேண்டும் என்று நண்பர் மூலமாகக் கேட்டேன். வயதான பிக்கு என் விரல்களைப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் முடிய வேண்டும், தையல் விட்டுப்போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். பிறகு என்னை உட்காரச் சொல்லி ஒரு ஊசியைக் கொடுத்தார். மெசின் போக முடியாத ஒரு மூலை பாக்கி இருந்தது. என்ன தொழில் என்று அவர் கேட்டிருந்தார், தோல் என்றும் நான் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகுதான் ஊசி கொடுத்தார். எங்கள் பக்கத்துக் குறைகளைப்போல் அவர்கள் பக்கத்திலும் குறைகள் உண்டு, சாதியும் உண்டு. இந்த மண்ணில் 1948 இல் எங்கள் குடியுரிமை பறிபோனதையும், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு ஒப்பாரிக் கோச்சி என்ற ரயிலில் போனவர்களின் டிரங்குப் பெட்டிகளுக்கு அப்பா பட்டி தைத்துக் கொடுத்ததையும் நான் மறந்தவனில்லை. ஆனாலும் அந்த ஊசியைச் சொல்லாமல் விட முடியாது.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை அட்டனில் சனம் நிற்காது. எல்லாரும் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள். உச்சியில் இருப்பது ஒரு பாதம். எங்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. பாதத்தைக் கும்பிடப் போகிறவர்கள் போகிற வழியில் அறுந்த சப்பாத்தை என்னிடம் தருகிறார்கள். எனக்கு இதைவிட நல்ல இடம் எது? ஏறுகிற வழியில் இந்திக்கட்டுபான என்றொரு இடம் வரும். இந்திக்கட்டுவ என்றால் சிங்களத்தில் ஊசி. மலை ஏறும்போது புத்தரின் சீவரம் கிழிந்து, அங்கே உட்கார்ந்து தைத்துக்கொண்டார் என்பது ஐதீகம். ஏறுகிறவர்கள் நூல் கோத்த ஊசியை அங்கே வைத்துவிட்டு, நூலை இழுத்துக்கொண்டே மேலே போவார்கள். பாதை ஓரமெல்லாம் வெள்ளை நூலாக இருக்கும். கிழிந்ததைத் தன் கையால் தைத்துக்கொண்ட ஒருவரை இவ்வளவு சனமும் நினைத்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

அப்பா செத்து மூன்றாம் வருடம் அங்கே போனபோது அவருடைய குத்தூசியைச் சட்டைப்பையில் எடுத்துப் போயிருந்தேன். பிடி தேய்ந்து அவருடைய உள்ளங்கையின் வடிவத்துக்கு வந்திருந்தது. அதை அந்த ஊசிகளோடு வைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் சனம் நெருக்கியது. நூலை மட்டும் கட்டினேன், மெழுகு பூசிய தடித்த நூல், அத்தனை வெள்ளை நூலுக்கு நடுவே தனியாகத் தெரிந்தது. குத்தூசி என்னோடு திரும்பி வந்தது. மறுநாள் பகலுக்குள் கொடுக்க வேண்டிய அங்கவடி வார் ஒரு சோடி கடையில் பாக்கி இருந்தது.